அமெரிக்காவில் அரசு ஒப்பந்தக்காரர்களின் ஊழியர்களும் தேர்தல் நன்கொடையும்: விதிகள் உருவான வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கூட்டாட்சி அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவரோ நிறுவனமோ கூட்டாட்சித் தேர்தல்களில் கட்சிக்கோ வேட்பாளருக்கோ நன்கொடை வழங்கக் கூடாது. 1940 முதல் நடப்பில் உள்ள தடை இது. ஆனால் அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஊழியர், தம் சொந்தப் பணத்திலிருந்து நன்கொடை கொடுக்கலாம். முதலாளிக்கு மறுக்கப்பட்டது தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு எப்படி வந்தது, அதனால் ஊழியருக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன, அவருக்கு நேர்ந்த நெருக்கடிகள் என்ன என்பவற்றை இக்கட்டுரை கால வரிசையில் கூறுகிறது.

அடிப்படைக் கேள்வி

அரசு, சாலை போடுவதற்கும் போர்க்கப்பல் கட்டுவதற்கும் கணினி மென்பொருள் எழுதுவதற்கும் தனியாரை அமர்த்துகிறது. அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வோர், தேர்தலில் வென்று வந்தவர்களும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுமே. தேர்தலுக்குப் பணம் வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் பணம் இருக்கிறது. இங்கே இரண்டு கேடுகள் நிகழலாம். ஒப்பந்தக்காரர் பணம் கொடுத்து வேலையை வாங்கலாம் என்பது ஒன்று. பதவியில் இருப்பவர் 'பணம் கொடுக்காவிட்டால் அடுத்த வேலை இல்லை' என்று ஒப்பந்தக்காரரை மிரட்டலாம் என்பது மற்றொன்று. முதலாவதில் ஒப்பந்தக்காரர் குற்றவாளி, இரண்டாவதில் பாதிக்கப்பட்டவர். இரண்டிலும் இழப்பு வரி செலுத்தும் மக்களுக்கே.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் ஊழியரை வைத்துப் பார்த்தால் மூன்றாவது கேடும் உண்டு. முதலாளி தாம் கொடுக்க முடியாத பணத்தை ஊழியர் பெயரில் கொடுக்கலாம், அல்லது ஊழியரையே கொடுக்கும்படி நெருக்கலாம். அதே வேளையில் ஊழியரும் ஒரு குடிமகன். தமக்குப் பிடித்த வேட்பாளரை ஆதரிக்கும் உரிமை அவருக்கு உண்டு. நெருக்குதலிலிருந்து அவரைக் காப்பதும் அவருடைய உரிமையைப் பறிக்காமல் இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இந்த விதிகளின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே.

கப்பல் தளத் தொழிலாளரும் 1867ஆம் ஆண்டுச் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலிருந்து, வென்ற கட்சி தன் ஆதரவாளர்களுக்கு அரசு வேலைகளைப் பகிர்ந்தளிப்பது வழக்கமாயிற்று. வேலை பெற்றவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைக் கட்சிப் பிடித்தம் எனலாம். பெயரளவில் நன்கொடை, நடைமுறையில் வரி. கொடுக்க மறுத்தவர் வேலையில் நிலைப்பது அரிது.

கடற்படையின் கப்பல் கட்டும் தளங்களில் தச்சர், கொல்லர் என ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தனர். உள்ளூர்க் கட்சித் தலைவர்களுக்கு அவர்கள் வாக்கு வங்கியாகவும் நிதி ஊற்றாகவும் விளங்கினர். 1867ஆம் ஆண்டுக் கடற்படை நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அரசு அதிகாரி எவரும் கடற்படைத் தளத் தொழிலாளரிடம் அரசியல் நோக்கத்துக்காகப் பணம் கேட்கக் கூடாது. அரசியல் கருத்துக்காக எந்தத் தொழிலாளரையும் நீக்கக் கூடாது என்று அது கூறியது. தேர்தல் நிதி தொடர்பாக அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இயற்றிய முதல் சட்டமாக இதுவே பொதுவாகக் கருதப்படுகிறது. பணம் கொடுப்பதை அது தடுக்கவில்லை. மேலதிகாரி கேட்பதைத்தான் தடுத்தது.

1876இல் இத்தடை விரிவடைந்தது. கீழ்நிலை அரசு ஊழியர்கள் தமக்குள்ளே அரசியலுக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாயின. நியூயார்க்கில் கருவூலத் துறையில் இருந்த கர்ட்டிஸ் என்பவர் இச்சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றத்தை நாட, 1882இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வெயிட் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. வேண்டுகோளாகத் தொடங்குவது கட்டளையாக முடியக்கூடும். இணங்காத ஊழியர் கடமை தவறியவராக நடத்தப்படக்கூடும். கொடுத்துக் கொடுத்து ஊழியருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டச் சம்பளத்தை உயர்த்தினால், முடிவில் பொதுக் கருவூலமே கட்சிக்குப் பணம் கொடுத்ததாகும் என்றார் அவர். நீதிபதி பிராட்லி மட்டும் மாறுபட்டார். தம் அரசியல் கருத்தைப் பரப்பப் பணம் செலவிடுவது குடிமகனின் உரிமை. அரசு வேலைக்காக அதைக் கைவிடச் சொல்லக் கூடாது என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் எழுந்த வழக்குகள் எல்லாவற்றிலும் இந்த இரு குரல்களையும் கேட்கலாம்.

இதற்கிடையில் 1881இல் வேலை கிடைக்காத ஏமாற்றத்தில் இருந்த ஒருவன் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டான். அவர் செப்டம்பரில் இறந்தார். நாட்டில் எழுந்த கொதிப்பின் விளைவாக 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வு மூலம் அரசுப் பணி நியமனம் என்ற முறை தொடங்கியது. அரசுக் கட்டடங்களுக்குள் அரசியல் நிதி கேட்பதும் தடுக்கப்பட்டது.

ஊழியரிடமிருந்து நிறுவனங்களுக்கு

ஊழியர் கதவு அடைபடவே, கட்சிகள் பெரிய நிறுவனங்களின் பக்கம் திரும்பின. 1904 தேர்தலில் நியூயார்க் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தியடோர் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் நிதிக்குச் சுமார் 48,000 டாலர் கொடுத்தது மறு ஆண்டு விசாரணையில் வெளிவந்தது. அது காப்பீடு எடுத்திருந்த பொதுமக்களின் பணம் என்பதால் எதிர்ப்பு வலுத்தது. 1907இல் டில்மன் சட்டம் நிறைவேறி, கூட்டாட்சித் தேர்தல்களில் நிறுவனங்கள் தம் நிதியிலிருந்து நன்கொடை வழங்குவது தடை செய்யப்பட்டது.

ஆனால் இந்தச் சட்டம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. அரசு ஒப்பந்தம் பெற்றவர் என்ற தனி வகை இன்னும் உருவாகவில்லை. பதிவு பெற்ற நிறுவனமாக அல்லாமல் தனிநபராகவோ கூட்டாளிகளாகவோ தொழில் செய்த ஒப்பந்தக்காரர் இதில் சிக்கவில்லை.

ஹேட்ச் சட்டம், 1939 – 1940

1930களில் பெரும் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு பெருமளவில் நிவாரண வேலைகளையும் ஒப்பந்தங்களையும் வழங்கியது. அரசின் பணம் பாய்ந்த இடத்தில் அரசியலும் பாய்ந்தது. 1938 தேர்தலின்போது கென்டக்கி முதலிய மாநிலங்களில் நிவாரணப் பணியாளர்களிடம் கட்சிக்குப் பணம் கேட்கப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. கென்டக்கி நிலைமையை அம்பலப்படுத்திய செய்தியாளர் தாமஸ் ஸ்டோக்ஸ் 1939இல் புலிட்சர் பரிசு பெற்றார். அவ்வாண்டே நியூ மெக்சிகோ செனட்டர் கார்ல் ஹேட்சின் பெயரால் அமைந்த சட்டம் நிறைவேறியது. அரசு ஊழியர்களும் நிவாரணப் பணியாளர்களும் அரசியல் வசூலுக்கு ஆளாகாமல் அது காத்தது.

அப்போது இன்னொரு விவகாரமும் பேசப்பட்டது. 1936 மாநாட்டையொட்டிச் சனநாயகக் கட்சி ஒரு மலர் வெளியிட்டது. அரசோடு வணிகம் செய்த நிறுவனங்கள் உட்படப் பலருக்கு அதை மிக அதிக விலைக்கு விற்றது. மலரை வாங்காவிட்டால் அரசு வேலை போய்விடும் என்ற அச்சத்தில் ஒப்பந்தக்காரர்கள் வாங்கினர் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. புத்தக விற்பனை என்பதால் அது நன்கொடைத் தடையில் நேரடியாக வராது. வசூலுக்கு எத்தனை வேடம் போட முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1940 ஜூலையில் ஹேட்ச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது. அரசுக்குப் பொருளோ பணியோ நிலமோ கட்டடமோ வழங்க ஒப்பந்தம் செய்யும் எந்த நபரும் நிறுவனமும், பேச்சுவார்த்தை நடக்கும் காலத்திலும் ஒப்பந்தம் நிறைவேறும் காலத்திலும், கட்சிக்கோ வேட்பாளருக்கோ நன்கொடை வழங்கக் கூடாது. தெரிந்தே அவர்களிடம் நன்கொடை கேட்பதும் குற்றம். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை. கொடுப்பவர், கேட்பவர் என இரு பக்கத்தையும் தண்டனைக்கு உள்ளாக்கியது இச்சட்டத்தின் சிறப்பு.

1970களின் திருப்பம்

அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தத் தடை பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. வாட்டர்கேட் விசாரணைதான் அதைத் தூசி தட்டியது. நிக்சனின் 1972 தேர்தல் நிதிக்குச் சட்ட விரோதமாகப் பணம் கொடுத்த நிறுவனங்களில் போர் விமானம் தயாரிக்கும் நார்த்ராப்பும் ஒன்று. 1974 மே மாதம் அந்நிறுவனமும் அதன் தலைவர் தாமஸ் ஜோன்சும் ஒப்பந்தக்காரர் நன்கொடைத் தடையை மீறியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தலா 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ ஆக்னியூ பதவி விலகியதற்கும் ஒப்பந்தப் பணமே காரணம். மேரிலாந்தில் அவர் பதவியில் இருந்தபோது அரசு வேலை பெற்ற பொறியாளர்களிடமிருந்து பணம் பெற்றதாக எழுந்த வழக்கு, வருமான வரிக் குற்றத்தை அவர் மறுக்காமல் ஏற்றதோடு முடிந்தது.

இதே ஆண்டுகளில் ஊழியர்களை நேரடியாகத் தொட்ட கேள்வி ஒன்று எழுந்தது. சில நிறுவனங்கள் தம் ஊழியர்களிடம் விருப்ப நன்கொடை திரட்டித் தனி நிதியாக வைத்து வேட்பாளர்களுக்குக் கொடுத்து வந்தன. இதற்கு 'பேக்' என்று பெயர். அரசியல் நடவடிக்கைக் குழு எனலாம். பணம் ஊழியருடையது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது நிறுவனத்தின் ஆட்கள். ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் இப்படிச் செய்யலாமா? காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு 1972இல் விண்வெளி, படைத்தளவாட நிறுவனமான டி.ஆர்.டபிள்யூ மீது வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனம் தன் நிதியைக் கலைத்துவிட்டது.

இந்த வழக்கு தொழிற்சங்கங்களையும் கலங்கடித்தது. அரசின் தொழிற்பயிற்சித் திட்டங்களை நடத்த ஒப்பந்தம் செய்திருந்த சங்கங்களும் ஒப்பந்தக்காரர்களே. அவற்றின் நிதிகளும் கலைக்கப்பட வேண்டிவரலாம். முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம் நின்றதால் 1974ஆம் ஆண்டுத் திருத்தம் எளிதாக வந்தது. ஒப்பந்தம் பெற்ற நிறுவனமும் சங்கமும் விருப்ப நன்கொடையால் ஆன தனி நிதியை நடத்தலாம் என்று அது அனுமதித்தது. தொழிற்சங்கங்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கேட்ட இந்த அனுமதி நிறுவனங்களுக்கே அதிகம் பயன்பட்டது. 1974இல் 89 ஆக இருந்த நிறுவனப் பேக்குகளின் எண்ணிக்கை 1980இல் 1,206 ஆக உயர்ந்தது.

ஊழியருக்கான பாதுகாப்பு விதிகள்

தேர்தல் நிதியைக் கண்காணிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 1975இல் செயல்படத் தொடங்கியது. 1976 திருத்தங்களும் ஆணையத்தின் விதிகளும் சேர்ந்து இன்றுள்ள வடிவத்தைத் தந்தன. ஒப்பந்தக்காரர் தடை இப்போது கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 52ஆம் தலைப்பில் 30119ஆம் பிரிவாக உள்ளது. ஊழியர் தொடர்பான முக்கிய விதிகள் வருமாறு:

சொந்தப் பணம்: ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் ஊழியர், அதிகாரி, பங்குதாரர் ஆகியோர் தம் சொந்தப் பணத்திலிருந்து நன்கொடை வழங்கலாம். எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள உச்சவரம்பே அவர்களுக்கும் பொருந்தும். 2025–26 தேர்தல் சுற்றில் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர்.

தனிநபர் ஒப்பந்தக்காரர்: நிறுவனமாக அல்லாமல் தம் பெயரிலேயே அரசுடன் ஒப்பந்தம் செய்தவர், சொந்தப் பணத்திலிருந்தும் கொடுக்க முடியாது. அவருடைய மனைவியோ கணவரோ தம் பணத்தில் கொடுக்கத் தடை இல்லை. கூட்டு நிறுவனமாயின் நிறுவனப் பணம் கூடாது. கூட்டாளிகள் தம் சொந்தப் பணத்தில் கொடுக்கலாம்.

கால எல்லை: ஒப்பந்தப்புள்ளி கோரி அழைப்பு அனுப்பப்பட்ட நாள், பேச்சுவார்த்தை தொடங்கிய நாள் ஆகியவற்றில் எது முந்தியதோ அன்று தடை தொடங்கும். வேலை முடியும்போதோ பேச்சுவார்த்தை முறியும்போதோ நீங்கும்.

கட்டாயம் கூடாது: பேக்குக்குப் பணம் பெற வன்முறை, வேலைப் பாகுபாடு, மிரட்டல் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இது அரசியல் நிதி என்பதையும், மறுத்தால் எந்தப் பழிவாங்கலும் இராது என்பதையும் கேட்கும்போதே ஊழியரிடம் சொல்ல வேண்டும். 'இவ்வளவு கொடுங்கள்' என்று ஒரு தொகையைப் பரிந்துரைத்தால், அதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யாரிடம் கேட்கலாம்: நிறுவனம் தன் பங்குதாரர்கள், நிர்வாகப் பணியாளர்கள், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரிடம் எப்போதும் கேட்கலாம். மற்ற ஊழியர்களிடம் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே, அதுவும் வீட்டு முகவரிக்குக் கடிதம் மூலம் மட்டுமே கேட்கலாம். யார் கொடுக்கவில்லை என்பதை நிறுவனம் தெரிந்துகொள்ள முடியாதபடி அந்த ஏற்பாடு அமைய வேண்டும். ஆலைத் தளத்தில் மேற்பார்வையாளர் நேரில் நின்று கேட்கும் நிலையை இது தவிர்க்கிறது. 1867இல் கப்பல் தளத்தில் தொடங்கிய அதே கவலைதான் இங்கும்.

பிறர் பெயரில் கொடுத்தல்: ஒருவர் பணத்தை வேறொருவர் பெயரில் கொடுப்பது குற்றம். ஊழியர் கொடுத்த தொகையை ஊக்கத்தொகை, சம்பள உயர்வு, பயணச் செலவு என்ற பெயர்களில் நிறுவனம் ஈடுசெய்வதும் இதில் அடங்கும்.

வெளிப்படுத்தல்: 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் தொழிலையும் அவர் வேலை செய்யும் இடத்தையும் வேட்பாளர் தரப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. ஒரே நிறுவனத்தின் ஊழியர் பலர் ஒரே நாளில் ஒரே வேட்பாளருக்கு ஒரே தொகை கொடுத்திருந்தால் அது செய்தியாளர் கண்ணில் படும்.

கன்னிங்ஹாம் வழக்கு

விதிகள் எவ்வாறு மீறப்படுகின்றன என்பதைக் காட்டும் பெரிய எடுத்துக்காட்டு, கலிபோர்னியாவின் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ராண்டி கன்னிங்ஹாமின் வழக்கு. வியட்நாம் போரில் விமானியாகப் புகழ்பெற்ற அவர், பாதுகாப்புச் செலவைத் தீர்மானிக்கும் துணைக்குழுவில் இருந்தார். எம்.இசட்.எம். என்ற பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனத்தின் உரிமையாளர் அவருடைய வீட்டை 16,75,000 டாலருக்கு வாங்கிப் பின்னர் சுமார் 7,00,000 டாலர் நட்டத்துக்கு விற்றதை, சான் டியேகோ நாளிதழ் ஒன்று 2005இல் வெளியிட்டது. விசாரணையில், சுமார் 24 லட்சம் டாலர் அளவுக்கு லஞ்சம் பெற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். நாடாளுமன்ற முத்திரை பொறித்த தாளில் அவரே எழுதிய விலைப்பட்டியலும் சான்றாகக் காட்டப்பட்டது. ஒரு பக்கம் ஒப்பந்தத் தொகை. எதிரே அதற்குரிய லஞ்சம். 1 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தத்துக்கு 1,40,000 டாலர் மதிப்புள்ள படகு என்று அது தொடங்கியது. 2006 மார்ச்சில் அவருக்கு எட்டாண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் ஊழியர்களின் பங்கு பலராலும் கவனிக்கப்படவில்லை. எம்.இசட்.எம். உரிமையாளர் தம் ஊழியர்கள் சிலரிடம் பணத்தைக் கொடுத்து, வேறு இரண்டு அவை உறுப்பினர்களுக்கு அவர்கள் பெயரில் காசோலை எழுதச் செய்தார். நிறுவனத்தின் பேக்குக்குப் பணம் கொடுக்கும்படி நெருக்கப்பட்டதாக முன்னாள் ஊழியர்கள் கூறியதும் செய்தியாக வந்தது. 2007இல் தேர்தல் ஆணையம் அந்நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

இத்தகைய வழக்குகள் பின்னரும் வந்தன. 2022இல் ஹவாயைச் சேர்ந்த கடற்படை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் தலைவர், 2020 தேர்தலில் செனட்டர் ஒருவருக்காக உறவினர் பெயரிலும் போலி நிறுவனத்தின் பெயரிலும் பணம் கொடுத்து, நிறுவன நிதியிலிருந்து அதை ஈடுசெய்ததை ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பெயர் கொடுக்கும் ஊழியரின் நிலை சங்கடமானது. பெயர் கொடுத்தால் சட்டத்தின் பிடி; கொடுக்காவிட்டால் முதலாளியின் பகை.

மாநிலங்களின் கடுமையான விதிகள்

கூட்டாட்சித் தடை கூட்டாட்சி ஒப்பந்தங்களுக்கு மட்டும் உரியது. மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டமே பொருந்தும். 'ஆட்டத்தில் சேரக் கட்டணம்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் அமெரிக்கர் இந்த ஊழலைக் குறிப்பர். பல மாநிலங்கள் ஓர் ஊழல் வெடித்த பிறகே விழித்தன.

கனெக்டிகட் ஆளுநர் ஜான் ரோலண்ட், அரசு வேலை பெற்ற ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு தம் ஏரிக்கரை வீட்டில் இலவசமாக வேலை செய்துகொண்டது வெளியானதும் 2004இல் பதவி விலகினார். மறு ஆண்டு வந்த சட்டம் நாட்டிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் இயக்குநர்கள், உயரதிகாரிகள், ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் பொறுப்பிலுள்ள ஊழியர்கள், இவர்களுடைய வாழ்க்கைத் துணை, இவர்களைச் சார்ந்து வாழும் வயதுவந்த பிள்ளைகள் ஆகிய அனைவரும் நன்கொடை வழங்கத் தடை வந்தது. இதை எதிர்த்துப் பசுமைக் கட்சி தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தக்காரர் நன்கொடைத் தடை செல்லும். ஆனால் பிறரிடம் நிதி கேட்கக் கூடாது என்ற தடை பேச்சுரிமைக்கு முரணானது என்று பிரித்துக் கூறியது.

நியூ ஜெர்சியில் 2004இல் ஆளுநரின் ஆணையாகவும் 2005இல் சட்டமாகவும் வந்த விதி, 300 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்த நிறுவனம் 17,500 டாலருக்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தம் பெற முடியாது என்றது. இல்லினாயில் ஆளுநர் பிளகோயெவிச் 2008 டிசம்பரில் கைது செய்யப்பட்ட சில வாரங்களில், 50,000 டாலருக்கு மேல் மாநில ஒப்பந்தம் உள்ளவர்கள், அந்த ஒப்பந்தத்தை வழங்கும் பதவியில் இருப்பவருக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது என்ற சட்டம் நடப்புக்கு வந்தது.

நிதித்துறை ஊழியருக்கு வந்த கட்டுப்பாடு

ஊழியரின் தனிப்பட்ட நன்கொடையையே நேரடியாகக் கட்டுப்படுத்தும் விதிகள் நிதித்துறையில்தான் முதலில் வந்தன. நகராட்சிகளும் மாநிலங்களும் கடன் பத்திரம் வெளியிடும்போது அதை விற்றுத்தரும் நிறுவனங்களுக்குப் பெரும் கட்டணம் கிடைக்கும். 1994இல் நகராட்சிக் கடன் பத்திர ஒழுங்குமுறை வாரியம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அத்தொழிலில் உள்ள ஓர் ஊழியர், தாம் வாக்களிக்கக்கூடிய வேட்பாளருக்கு 250 டாலருக்கு மேல் கொடுத்தால், அவருடைய நிறுவனம் இரண்டாண்டுகளுக்கு அந்த அரசு அமைப்பின் பத்திர வேலையைப் பெற முடியாது. 1995இல் நீதிமன்றம் இதை ஏற்றது.

2010இல் பங்குச் சந்தை ஆணையம் இதே முறையை, அரசு ஓய்வூதிய நிதிகளை நிர்வகிக்கும் முதலீட்டு ஆலோசகர்களுக்கும் விரித்தது. தாம் வாக்களிக்கக்கூடிய வேட்பாளருக்கு 350 டாலர், மற்றவர்க்கு 150 டாலர் என்பது வரம்பு. மீறினால் இரண்டாண்டுகளுக்கு அந்த அரசு அமைப்பிடமிருந்து கட்டணம் பெற முடியாது. அலுவலகத்தில் உள்ள எல்லோருக்கும் இது பொருந்தாது. உயரதிகாரிகளுக்கும் அரசு வணிகத்தைத் தேடித் தருவோருக்கும் மட்டுமே. ஆனால் அவர்கள் வேலைக்குச் சேருமுன் கொடுத்த நன்கொடையும் கணக்கில் வரும். அதனால் நேர்காணலிலேயே 'யாருக்கு நன்கொடை கொடுத்தீர்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. 2014இல் இவ்விதியின்கீழ் வந்த முதல் வழக்கில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனம், தன்னைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த 4,500 டாலர் நன்கொடைக்காக ஏறக்குறைய 3,00,000 டாலர் கட்ட நேர்ந்தது.

இந்த விதி குடியரசுத் தலைவர் தேர்தலையும் தொட்டது. ஓய்வூதிய நிதியில் அதிகாரம் உள்ள ஆளுநர் ஒருவர் துணைத் தலைவர் வேட்பாளராக நின்றால், நிதித்துறையினர் அந்த அணிக்குக் கொடுக்கத் தயங்குவர். 2016இல் இண்டியானா ஆளுநர் மைக் பென்ஸ், 2024இல் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் ஆகியோர் நின்றபோது இக்கேள்வி எழுந்தது.

வாக்னர் வழக்கு, 2011 – 2016

1940 தடை நேரடியாக நீதிமன்றத்தில் சோதிக்கப்பட எழுபது ஆண்டுகள் ஆயின. 2011இல் மூவர் வழக்குத் தொடுத்தனர். ஒருவர் அரசு அமைப்பு ஒன்றுக்கு ஆய்வறிக்கை எழுத ஒப்பந்தம் செய்திருந்த சட்டப் பேராசிரியர். மற்ற இருவர் அரசின் வெளிநாட்டு உதவி முகமையில் ஓய்வுபெற்று, பின்னர் அங்கேயே ஒப்பந்த முறையில் பணிபுரிந்தவர்கள்.

அவர்களது வாதம் எளிமையானது. அடுத்த நாற்காலியில் அதே வேலையைச் செய்யும் நிரந்தர அரசு ஊழியர் நன்கொடை கொடுக்கலாம். கோடிக்கணக்கில் ஒப்பந்தம் பெற்ற ஆயுத நிறுவனத்தின் தலைவரும் ஊழியர்களும் தம் பணத்தில் கொடுக்கலாம். நிறுவனம் பேக்கும் நடத்தலாம். சிறிய ஒப்பந்தம் உள்ள தனிநபர் மட்டும் நூறு டாலர்கூடக் கொடுக்கக் கூடாதா?

2015 ஜூலை 7 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தடை செல்லும் என்றனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மெரிக் கார்லண்ட். பின்னாளில் நாட்டின் தலைமை வழக்கறிஞரானவர். ஊழலையும் ஊழல் என்ற தோற்றத்தையும் தடுப்பது, தகுதி அடிப்படையிலான நிர்வாகத்தைக் காப்பது என்ற இரண்டு நோக்கங்களை அவர் சுட்டினார். 1930கள் முதல் அண்மைக் காலம் வரையிலான ஊழல்களைத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. நிரந்தர ஊழியருக்குப் பணிப் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தக்காரரோ ஒவ்வொரு முறையும் புதிதாக வேலை தேட வேண்டியவர். எனவே அழுத்தத்துக்கு எளிதில் ஆளாவார் என்றும் கூறியது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. வேட்பாளருக்கும் கட்சிக்கும் கொடுக்கும் நன்கொடை பற்றி மட்டுமே இவ்வழக்கு தீர்மானித்தது.

சூப்பர் பேக் காலம்

2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பும் அதைத் தொடர்ந்த தீர்ப்பும் வேட்பாளரைச் சாராமல் வரம்பின்றிச் செலவிடும் 'சூப்பர் பேக்' குழுக்களுக்கு வழிவகுத்தன. பிற நிறுவனங்கள் அவற்றுக்குக் கொடுக்கலாம். ஒப்பந்தக்காரர் கொடுக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நிலை. 2012இல் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் ஒரு சூப்பர் பேக்குக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. ஒப்பந்தம் வைத்திருப்பது வேறொரு துணை நிறுவனம் என்ற விளக்கத்தை ஏற்று ஆணையம் புகாரைத் தள்ளியது. 2017இல் பாஸ்டனைச் சேர்ந்த சஃபோக் கட்டுமான நிறுவனத்துக்கு, சூப்பர் பேக்குக்கு 2,00,000 டாலர் கொடுத்ததற்காக 34,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இவ்வகையில் விதிக்கப்பட்ட முதல் அபராதம் அதுவே.

வெளிப்படைத்தன்மையைக் கூட்ட 2011இல் ஒபாமா அரசு ஓர் ஆணை வரைவு தயாரித்தது. ஒப்பந்தம் கோரும் நிறுவனமும் அதன் இயக்குநர்களும் உயரதிகாரிகளும் முந்தைய இரண்டாண்டுகளில் கொடுத்த அரசியல் நன்கொடைகளைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரைப் பழிவாங்க அது கருவியாகும் என்று எதிர்த்தவர்கள் கூறினர். ஆணை வெளிவரவே இல்லை. ஒப்பந்தம் கோருவோரிடம் இவ்விவரத்தைக் கேட்கக் கூடாது என்று நாடாளுமன்றம் பின்னர் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

மதிப்பீடு

ஒன்றரை நூற்றாண்டில் இவ்விதிகள் மூன்று நிலைகளைக் கடந்துள்ளன. முதலில் அரசின் நேரடித் தொழிலாளர் காக்கப்பட்டார். பிறகு அரசுக்கு வேலை செய்யும் தனியார் முதலாளி கட்டுப்படுத்தப்பட்டார். மூன்றாவதாக அந்த முதலாளியிடம் வேலை செய்யும் ஊழியர் பற்றிய கேள்வி வந்தது. அவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் உரிமையையும், சில மாநிலங்களும் நிதித்துறை விதிகளும் கட்டுப்பாட்டையும் தந்துள்ளன.

இரண்டு குறைகள் கண்கூடு. நிறுவனம் பெரிதாக இருந்தால் பேக், துணை நிறுவனம், அதிகாரிகளின் தனி நன்கொடை எனப் பல வழிகள் திறந்திருக்கின்றன. தனியாளாக ஒப்பந்தம் செய்தவருக்கு ஒரு வழியும் இல்லை. பிறர் பெயரில் கொடுத்தல் குற்றமானாலும், உள்ளிருந்து ஊழியர் ஒருவர் சொன்னாலன்றி அது வெளிவருவது அரிது.

ஆயினும் மறுக்கும் உரிமை எழுத்தில் இருப்பது சிறிய செய்தி அன்று. 1867க்கு முன் கப்பல் தளத்துத் தச்சர் கூலியில் பங்கு கேட்ட கட்சிக்காரரிடம் மறுப்புச் சொல்ல அவருக்குத் துணையாக ஒரு வரிச் சட்டமும் இல்லை. இன்று ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்பவரிடம் நிதி கேட்பவர், 'நீங்கள் மறுக்கலாம். மறுத்தால் உங்கள் வேலைக்குக் கேடு வராது' என்று தம் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.